வெட்டரனில் ரன் மழை, ஆல்-ஸ்டாரில் முட்டை: பேட்டிங் கடினத்தை எங்கே வைப்பது?

மழையூர் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. 'எம்எல்பி தி ஷோ 25' என்ற பேஸ்பால் வீடியோ கேமை பிஎஸ்5ல் ஆடுகிறேன். சியாட்டில் பக்கம் குடியிருப்பதால் மரைனர்ஸ் அணியை எடுத்து ஃபிரான்சைஸ் (ஓர் அணியை சீசன் சீசனாக நடத்தும் முறை) ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பந்து வீசும்போது ஆல்-ஸ்டார் கடினம் எனக்குக் கச்சிதமாக இருக்கிறது. சிக்கல் முழுக்க பேட்டிங்கில்தான்.

அதற்கு ஒரு நிலை கீழே இருக்கிற வெட்டரனில் வைத்தால் எந்த பிட்சர் (பந்து வீசுபவர்) வந்தாலும் பத்துப் பன்னிரண்டு ரன் வந்துவிடுகிறது. கேல் ராலே 2025ல் நிஜமாகவே 60 ஹோம் ரன் அடித்தவர். ஆனால் என் சீசனில் நடுவில் வரும் ஆல்-ஸ்டார் இடைவேளைக்கு முன்பே அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிட்டார். ஒன்பதாவதாக வருகிறவர்கூட வேலி தாண்டி அடிக்கிறார். ஜெயிக்கிறேன், ஆனால் ஆட்டம் ருசிக்கவில்லை.

சரி என்று பேட்டிங்கையும் ஆல்-ஸ்டாருக்கு ஏற்றினால் எல்லாம் தலைகீழ். பந்து கேட்சர் கையுறைக்குள் போன பிறகுதான் என் விரல் பட்டனைத் தொடுகிறது. ஒன்பது இன்னிங்ஸில் மூன்று ஹிட் வந்தால் பெரிய விஷயம். ஸ்டிரைக்அவுட்டுக்கு (மூன்று ஸ்டிரைக் விழுந்து அவுட் ஆவது) கணக்கே இல்லை.

ஸோன் முறையில் ஆடுகிறேன், கேமரா 'ஸ்டிரைக் ஸோன்'. ஆல்-ஸ்டாரிலேயே காண்டாக்ட் (பந்தைத் தொடுவது), பவர் (அடியின் வலு) என்ற செட்டிங் அளவுகள் இரண்டையும் 5லிருந்து 7க்கு ஏற்றிப் பார்த்தேன். ஹிட் வருகிறது, ஆனால் தரையில் குத்துகிற பந்தைத் தொட்டால்கூட அது ஃபீல்டர்களுக்கு நடுவில் புகுந்து ஹிட் ஆகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. வார இறுதியில் அக்கா மகன் வருவான். லிட்டில் லீகில் ஆடுகிற பையன். "மாமா, நீங்க வர்ற பந்து எல்லாத்தையும் அடிக்கப் போறீங்க" என்கிறான். அடிக்காமல் நின்றால் ஸ்டிரைக் ஆகிவிடுகிறதே என்று நான் சொல்கிறேன்.

இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் ஏதாவது இடம் உண்டா? எந்தச் செட்டிங்கைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

---

தேன்மொழி எழுதியது:

வேறு எதையும் மாற்றுவதற்கு முன்னால் டிவியைப் பாருங்கள். 'கேம் மோட்' போட்டிருக்கிறீர்களா? அது இல்லாவிட்டால் டிவி படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்காகக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். கதை சொல்லும் விளையாட்டுகளில் அது தெரியவே தெரியாது. பேஸ்பாலில் 95 மைல் வேகப் பந்து பிட்சர் கையை விட்டு உங்களிடம் வர 0.4 விநாடிதான் ஆகும். அதில் டிவி திருடுகிற ஒவ்வொரு துளியும் உங்கள் கண்ணிலிருந்து போகிறது. நீங்கள் சொல்கிற 'கையுறைக்குள் போன பிறகு அழுத்துகிறேன்' என்பது எனக்கு இதைத்தான் நினைவூட்டுகிறது.

அப்புறம், 'டைனமிக்' என்று ஒரு கடின நிலை இருக்கிறது. நன்றாக அடித்தால் தானாக ஏறும், சொதப்பினால் இறங்கும். வெட்டரனுக்கும் ஆல்-ஸ்டாருக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அது படிப்படியாகக் கடத்திவிடும். நான் அப்படித்தான் மேலே வந்தேன்.

---

இடக்கை எழுதியது:

தம்பி, நான் ஹூஸ்டன்காரன், ஆஸ்ட்ரோஸ் ரசிகன். நீங்கள் எங்கள் பிரிவிலேயே இருக்கிற எதிரி அணிக்காரர். இருந்தாலும் இந்தக் கேள்வி என் மனதுக்கு மிக நெருக்கமானது என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

தேன்மொழி சொன்ன டிவி விஷயம் முதல் வேலை. அதை முடித்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, எதையும் தொடாமல் ஆல்-ஸ்டாரில் ஓர் ஆட்டம் முழுக்க ஆடி, ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் திரையில் வருகிற ஸ்விங் தகவலை மட்டும் கவனியுங்கள். எர்லி, லேட், குட் என்று நேரம் காட்டும். பிசிஐ (மட்டை எங்கே படும் என்று காட்டும், இடது குச்சியால் நகர்த்துகிற குறி) எங்கே இருந்தது, பந்து எங்கே வந்தது என்பதும் தெரியும். பெரும்பாலானவர்கள் அதைப் பார்க்காமல் எக்ஸ் அழுத்தித் தாண்டிவிடுகிறார்கள். உங்கள் நோய் என்ன என்று அந்தச் சின்னப் பெட்டிதான் சொல்லும்.

எல்லாமே 'லேட்' என்று வந்தால் உங்களுக்குப் பந்தின் வேகம் பிரச்சினை. நேரம் 'குட்' என்று வந்தும் பந்து பிசிஐக்கு வெளியே போயிருந்தால் உங்கள் இடது கட்டைவிரல் பிரச்சினை. நேரம் முன்னே பின்னே ஆகி, பந்தும் ஸ்டிரைக் ஸோனுக்கு (அடிக்காமல் விட்டால் ஸ்டிரைக் ஆகிற பரப்பு) வெளியே கிடந்தால், அக்கா மகன் சொன்னது சரி. அடிக்கக்கூடாத பந்தை அடிக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. காண்டாக்டையும் பவரையும் ஏற்றுவது மூன்றில் எதற்கும் மருந்து இல்லை. அது தப்பாக அடித்த பந்துக்கும் பரிசு கொடுக்கிறது. அதனால்தான் உங்களுக்கு அந்த ஹிட்கள் கசக்கின்றன. அந்தக் கசப்பை நம்புங்கள், உங்களுக்கு நல்ல ரசனை இருக்கிறது.

நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு முதல் வகையும் மூன்றாவது வகையும் சேர்ந்தே தெரிகிறது. இரண்டும் ஒரே வேரிலிருந்து வருபவை. பந்து உங்களுக்கு வேகமாகத் தெரிகிறது, அதனால் அது என்ன பந்து என்று பார்க்கும் முன்பே முடிவெடுத்துவிடுகிறீர்கள். முன்கூட்டி முடிவெடுப்பதால் வெளியே போகிற ஸ்லைடரையும் தரையில் விழுகிற ஸ்பிளிட்டரையும் துரத்துகிறீர்கள். ஆல்-ஸ்டாரில் கம்ப்யூட்டர் பிட்சர் அதைத்தான் எதிர்பார்க்கிறான். வெட்டரனைவிட அங்கே பந்து ஓரங்களுக்குப் போகும், அடிக்கத் தூண்டும் பந்துகள் கூடும், பிசிஐ சுருங்கும், நேரத்துக்கான இடைவெளியும் குறுகும். ஒரே நிலை ஏறியதாக மெனுவில் தெரியும். ஆனால் நாலு விஷயம் ஒரே நேரத்தில் கடினமாகியிருக்கும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். ஹிட்டிங் கடினத்தை ஆல்-ஸ்டாரிலேயே வையுங்கள். காண்டாக்ட், பவர், டைமிங், சாலிட் ஹிட்ஸ் எல்லாவற்றையும் 5க்குக் கொண்டுவந்துவிடுங்கள். பந்து வேகத்தை மட்டும் இறக்குங்கள். ஃபாஸ்ட்பால் வேகத்துக்கு ஒரு அளவு, மெதுவான பந்துகளின் வேகத்துக்கு ஒரு அளவு என்று தனித்தனியாக இரண்டு இருக்கும். இரண்டையும் சேர்த்து 5லிருந்து 3க்கு இறக்குங்கள். ஃபாஸ்ட்பாலை மட்டும் இறக்கிவிடாதீர்கள். 95 மைல் ஃபாஸ்ட்பாலுக்கும் 85 மைலில் மெதுவாக வருகிற சேஞ்ச்அப்புக்கும் நடுவில் இருக்கிற அந்த வித்தியாசத்தில்தான் பிட்சரின் உயிரே இருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் குறைத்துவிட்டால் எல்லாப் பந்தும் ஒரே தாளத்தில் வரும். நீங்கள் அடிப்பீர்கள், ஆனால் படிக்கக் கற்றுக்கொள்ள மாட்டீர்கள்.

வேகம் குறைந்தால் என்ன கிடைக்கிறது? பிசிஐ சின்னதாகவே இருக்கிறது. நேர இடைவெளியும் குறுகலாகவே இருக்கிறது. கம்ப்யூட்டரும் அதே தந்திரத்தோடு வீசுகிறது. உங்கள் கண்ணுக்கு மட்டும் ஒரு இமைப்பொழுது கூடுதலாகக் கிடைக்கிறது. அந்த இமைப்பொழுதில்தான் பந்தை விடுவதா அடிப்பதா என்று தீர்மானிக்கப் பழகுகிறோம். கொஞ்சம் பழகியதும் 4, அப்புறம் 5. காண்டாக்டை ஏற்றிப் பழகியவர்களுக்கு இறக்கும்போது வலிக்கும். வேகத்தை ஏற்றும்போது அப்படி வலிக்காது, ஏனென்றால் கண் ஏற்கெனவே படித்துவிட்டது.

நின்றால் ஸ்டிரைக் ஆகிவிடுகிறது என்கிறீர்கள். ஆகட்டும். முதல் ஸ்டிரைக் என்பது பெரிய இழப்பு இல்லை. கிரிக்கெட்டில் ஸ்டம்புக்கு வரும் பந்தை விட்டால் ஆட்டமே முடிந்தது, அந்தப் பயம் நம் ரத்தத்திலேயே இருக்கிறது. இங்கே இரண்டு முறை விடலாம். முதல் ஸ்டிரைக் விழும் வரை ஸோனைப் பாதியாக வெட்டுங்கள். உங்களுக்குப் பிடித்த பாதி எது? உள்பக்கமா, மேல்பக்கமா? அங்கே வந்தால் மட்டும் அடி, வேறு எங்கே வந்தாலும் விடு. நிறையப் பேர் பிசிஐயை நடுவில் வைத்துக்கொண்டு எல்லா மூலைக்கும் ஓட்டப் பார்க்கிறார்கள். அது நடக்காத காரியம். ஒரு மூலையை எதிர்பார்த்து அங்கே சற்றுச் சாய்த்து வையுங்கள். உள்பக்கப் பந்துக்குக் கொஞ்சம் முன்னதாக அழுத்த வேண்டும், வெளிப்பக்கப் பந்தைக் கொஞ்சம் உள்ளே வரவிட்டு அடிக்கலாம். நிஜ மைதானத்திலும் அப்படியேதான்.

பவர் ஸ்விங்கை மறந்துவிடுங்கள். அது பிசிஐயைச் சுருக்குகிறது. ஆல்-ஸ்டாரில் சாதாரண ஸ்விங்கில் நேரமும் இடமும் அமைந்தால் ராலே தானாகவே வேலிக்கு வெளியே அனுப்புவார். இன்னொன்று, பேட்ஸ்மேனைப் பார்த்து ஆடுங்கள். காண்டாக்ட், விஷன் மதிப்பெண்கள் அதிகம் உள்ளவருக்கு பிசிஐ பெரிதாக இருக்கும். லூயிஸ் அராயஸ் மாதிரி ஒருவர் அணியில் இருந்தால் நிலைமையே வேறு. 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மூன்று வெவ்வேறு அணிகளில் இருந்து பேட்டிங் பட்டம் வாங்கியவர் அவர். அப்படிப்பட்டவரை வைத்து ஸோனின் ஓரத்தையும் தொடலாம். ஒன்பதாவது ஆளை வைத்து அதைச் செய்யக் கூடாது.

'குவிக் கவுண்ட்ஸ்' போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஆட்டம் சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான், ஆனால் கவுண்ட் (பால், ஸ்டிரைக் கணக்கு) நடுவிலிருந்து தொடங்குவதால் பிட்சரின் பந்துகளை நீங்கள் பார்ப்பதே இல்லை. பார்க்காத பந்தை எப்படிப் படிப்பது?

கடைசியாக ஒன்று. இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். எத்தனை ரன் வந்தால் திருப்தி என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். 2024ல் மேஜர் லீக் முழுவதற்குமான சராசரி பேட்டிங் .243, அதாவது நூறு முயற்சிக்கு ஏறக்குறைய 24 ஹிட். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 4.4 ரன் எடுத்தது, சுமார் எட்டு ஹிட் அடித்தது, எட்டுக்கு மேல் ஸ்டிரைக்அவுட் ஆனது. உங்கள் டி-மொபைல் பார்க் அதிலும் பிட்சர்களுக்குச் சாதகமான மைதானம். ஆக, எட்டு ஹிட், எட்டு ஸ்டிரைக்அவுட், நாலு ரன் என்று ஓர் ஆட்டம் முடிந்தால் செட்டிங்கில் எந்தக் கோளாறும் இல்லை, அதுதான் பேஸ்பால். பத்து ரன்னுக்குப் பழகிய கைக்கு நாலு ரன் பட்டினியாகத் தெரியும். கொஞ்ச நாளில் அந்த நாலு ரன் ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று உங்களால் சொல்ல முடியும். வெட்டரனில் அடித்த பன்னிரண்டில் ஒன்றுகூட நினைவில் இருக்காது.

---

கடலாடி எழுதியது:

இடக்கை அண்ணா சொல்வதில் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. வேகத்தைக் குறைத்துப் பழகினால் அந்தக் குறைந்த வேகத்துக்கே கை பழகிவிடும். டயமண்ட் டைனஸ்டி என்ற இன்னொரு முறையில் ஆன்லைனில் எதிராளியோடு மோதும்போது இந்த அளவுகள் எதுவும் செல்லாது. அங்கே இணையத் தாமதமும் சேர்ந்துகொள்ளும். பிறகு எல்லாவற்றையும் மறுபடி கற்க வேண்டியதுதான்.

நான் எதிர்த்திசையில் போனேன். கஸ்டம் பிராக்டிஸில் ஆல்-ஸ்டாரைவிட மேலே இருக்கிற லெஜண்ட் கடினத்தைப் போட்டு, வேகமாக வீசுகிற வலக்கை பிட்சர் ஒருவரை எடுத்து, வெறும் ஃபாஸ்ட்பால் மட்டும் வீசச் சொல்லி ஆடுவேன். அதில் ஹிட் வருகிறதா என்று பார்ப்பதில்லை, நேரம் மட்டும். அது முடிந்ததும் ஆல்-ஸ்டாருக்கு இறங்கினால் பந்து மிதந்து வருவது போலத் தெரியும். தினமும் ஆட்டத்துக்கு முன்னால் பத்து நிமிடம் போதும்.

---

இடக்கை எழுதியது:

கடலாடி, ஆன்லைன் ஆடுகிறவருக்கு உங்கள் வழி சரி, மறுக்கவில்லை. ஆனால் தம்பி ஃபிரான்சைஸ் ஆடுகிறார். அலுவலகம் முடிந்து வந்து ஓர் ஆட்டம் ஆடுகிறவர். அவருக்கு அது பொழுது, பயிற்சி முகாம் அல்ல. லெஜண்டில் வெறும் ஃபாஸ்ட்பால் பழகினால் விரல் வேகமாகும். விடுகிற பழக்கம் அதில் வராது, ஏனென்றால் அங்கே விட வேண்டிய பந்தே வருவதில்லை. பிராக்டிஸில் ஃபாஸ்ட்பாலோடு ஒரு ஸ்லைடரையும் கலந்து வீசச் சொன்னால் நான் முழு மனதாக ஒப்புக்கொள்வேன்.

செட்டிங்கை மாற்றுவது ஏதோ குறுக்கு வழி என்று சிலர் நினைக்கிறார்கள். பேஸ்பாலே தன் செட்டிங்கை மாற்றிக்கொண்ட விளையாட்டுதான். 1968ல் பிட்சர்கள் கை ஓங்கிப் போய், பாப் கிப்சன் என்ற பிட்சர் 1.12 என்ற இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி) வைத்திருந்தார். கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி அமெரிக்கன் லீகில் .301 அடித்தே பேட்டிங் பட்டம் வாங்கினார். ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்குச் சராசரியாக 3.42 ரன்தான் வந்தது. அடுத்த ஆண்டே பிட்சர் நின்று வீசுகிற மேடான மவுண்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள், ஸ்டிரைக் ஸோனையும் சுருக்கினார்கள். 1969ல் சராசரி 4.07 ஆனது. கவனியுங்கள், பேட்ஸ்மேனுக்குக் கூடுதல் பலம் எதையும் கொடுக்கவில்லை. பிட்சருக்கு இருந்த சாதகத்தைத்தான் குறைத்தார்கள். பவரை ஏற்றாதே, வேகத்தை இறக்கு என்று நான் சொல்வதும் அந்த வழிதான்.

---

தேன்மொழி எழுதியது:

1969 விஷயம் அருமை. ஒரு சின்னச் சேர்க்கை: கம்ப்யூட்டரின் ஸ்டிரைக் ஃப்ரீக்வன்சி என்ற அளவையும் பாருங்கள். அது அதிகமாக இருந்தால் பந்து எல்லாம் ஸோனுக்குள்ளேயே வரும், விடுவதற்கு எதுவும் இருக்காது. 5ல் இருந்தால் அப்படியே விடுங்கள், 4 வைத்தால் வாக் (நாலு பந்து ஸோனுக்கு வெளியே போனால் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) கொஞ்சம் கூடும்.

---

மழையூர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டிவியில் கேம் மோட் இல்லாமல்தான் இருந்திருக்கிறது, போட்டுவிட்டேன். வித்தியாசம் உடனே தெரிந்தது.

அதோடு இடக்கை அண்ணா சொன்னபடி எல்லாவற்றையும் 5க்குக் கொண்டுவந்து, இரண்டு வேகத்தையும் 3ல் வைத்து ஆல்-ஸ்டாரில் டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு எதிராக ஒரு தொடர் ஆடினேன். முதல் ஆட்டம் 3-2 என்று தோற்றேன். ஆனால் ஜூலியோ ரோட்ரிகஸை வைத்து ஒரு முறை இரண்டு ஸ்டிரைக்குக்குப் பின்னால் தாழ்வாக வெளியே போன மூன்று பந்துகளைத் தொடாமல் விட்டு வாக் எடுத்தேன். அந்த வாக் எனக்கு ஹோம் ரன்னைவிட இனித்தது. இரண்டாவது ஆட்டத்தில் ஏழு ஹிட், ஐந்து ரன்.

ஒரு சந்தேகம் மட்டும். இப்போது என் ஸ்விங் தகவலில் 'லேட்' குறைந்துவிட்டது. ஆனால் சேஞ்ச்அப்புக்கு எப்போதும் 'வெரி எர்லி' வருகிறது. மெதுவான பந்தின் வேகத்தை மட்டும் 4க்கு ஏற்றிவிடலாமா? அடுத்த பந்தை முன்கூட்டி ஊகிக்கிற கெஸ் பிட்ச்சைப் போட்டால் உதவுமா?

---

இடக்கை எழுதியது:

ஏற்றாதீர்கள். 'லேட்' போய் 'எர்லி' வந்ததே முன்னேற்றம்தான் தம்பி. கை ஃபாஸ்ட்பாலைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். எல்லா பேட்ஸ்மேனும் ஃபாஸ்ட்பாலுக்குத் தயாராக நின்றுதான் மெதுவான பந்துக்குத் தன்னை நிறுத்திக்கொள்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய யாராலும் முடியாது.

கெஸ் பிட்ச் இப்போதைக்கு வேண்டாம். ஊகம் சரியாக இருந்தால் உதவும், ஆனால் தப்பாக ஊகித்தால் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். தவிர, பந்தைப் பார்க்கப் பழக வேண்டிய நேரத்தில் பட்டனைப் பார்க்கப் பழகிவிடுவீர்கள்.

அதற்குப் பதிலாக, பிட்சர் எந்தக் கவுண்டில் சேஞ்ச்அப் வீசுகிறான் என்று மட்டும் ஓர் ஆட்டம் கவனித்துப் பாருங்கள். இடக்கை பேட்ஸ்மேன் நிற்கும்போது வலக்கை பிட்சர் அதை அதிகம் எடுப்பான். ராலே இரு கையாலும் ஆடுகிறவர், வலக்கை பிட்சருக்கு எதிரே இடக்கையாக நிற்பார், அதனால் அவருக்கு அந்தப் பந்து நிறைய வரும். பெரும்பாலும் தாழ்வாக, வெளிப்பக்கமாக விழும். இரண்டு ஸ்டிரைக்குக்கு முன்னால் தாழ்வாகத் தொடங்குகிற எதையும் அவரை வைத்து அடிக்காமல் விடுங்கள். இரண்டு ஸ்டிரைக் ஆனபின் வட்டப் பட்டனில் காண்டாக்ட் ஸ்விங். பிசிஐ கொஞ்சம் விரியும், ஃபவுல் ஆனாலும் இன்னொரு பந்து கிடைக்கும்.

இந்த மாதம் முழுக்க 3லேயே ஆடுங்கள். ஹிட்டும் ஸ்டிரைக்அவுட்டும் ஏறக்குறைய சமமாக வரத் தொடங்கியதும் இரண்டு வேகத்தையும் சேர்த்து 4க்குக் கொண்டுபோங்கள். ஆஸ்ட்ரோஸோடு ஆடும் தொடருக்கு முன்னால் ஏற்றிவிட்டால் எனக்குச் சந்தோஷம்.